இரண்டாவது கோல்கீப்பர் எதற்காக ஜெபிப்பான்?

என் தொழில் கால்பந்து. அதில் என் இடம், மாற்று கோல்கீப்பர். வாரம் முழுக்க மற்றவர்களைப் போலவே தரையில் விழுந்து புரண்டு பயிற்சி செய்துவிட்டு, ஆட்டத்தன்று கிளவுஸை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வேலை. இதைச் சொன்னதும் சிலர் முகத்தில் ஒரு பரிதாபம் வந்து போகும். அது வேண்டியதில்லை. சம்பளம் வந்தது, குடும்பம் நடந்தது, பிடித்த வேலையைப் பல வருஷம் பார்த்தேன். ஆனால் இந்த வேலைக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சட்டென்று பிடிபடாது. கடவுளை நம்புகிறவனாக இருந்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பு.

ஒரு ஸ்ட்ரைக்கர் பெஞ்சில் இருந்தால், கடைசி இருபது நிமிஷத்தில் இறங்குவோம் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருக்கலாம். ஓர் ஆட்டத்தில் மூன்று பேரை மாற்றலாம் என்றிருந்த விதி, கொரோனா சமயத்தில் 2020-இல் தற்காலிகமாக ஐந்தாகி, 2022-இல் நிலைத்துவிட்டது. அந்த இரண்டு கூடுதல் இடங்களால் எத்தனையோ பேருக்கு வாழ்வு வந்தது. கோல்கீப்பருக்கு ஒன்றும் மாறவில்லை. கீப்பர் களைத்துவிட்டான் என்று எந்தக் கோச்சும் ஆளை மாற்ற மாட்டார். அவனுக்கு அடிபட வேண்டும், அல்லது சிவப்பு அட்டை வாங்க வேண்டும், அல்லது வரிசையாக நாலைந்து ஆட்டம் சொதப்ப வேண்டும். இதில் ஏதாவது ஒன்று நடந்தால்தான் எனக்கு வேலை.

சரி, ஆட்டத்துக்கு முன்னால் நான் கண்ணை மூடி, "ஆண்டவரே, இன்றைக்காவது எனக்கு ஒரு வாய்ப்பைத் தாரும்" என்று ஜெபித்தால் அதற்கு என்ன பொருள்? எங்கள் முதல் கீப்பருக்கு முட்டி பிசகட்டும் என்று கேட்பதுதான். வார்த்தையை எவ்வளவு மெழுகினாலும் உள்ளே இருப்பது அதுதான்.

வெற்றிக்காக ஜெபிக்கலாமா என்ற கேள்வியை விசுவாசமுள்ள விளையாட்டுக்காரர்கள் பலரும் சின்ன வயதிலேயே கடந்துவிடுவார்கள். எதிரணியிலும் ஜெபிக்கிறவன் இருக்கிறான், அவனுக்கும் வீட்டில் முழங்கால் போட்டு வேண்டிக்கொள்கிற அம்மா இருக்கிறாள் என்று ஒருநாள் உறைக்கும், அதோடு அது தீர்ந்தது. என் கேள்வி எதிரணியைப் பற்றியது அல்ல. என்னோடு ஒரே அறையில் உடை மாற்றுகிற, என் தோளில் ஐஸ் கட்டி வைத்துக் கட்டிவிடுகிற மனுஷனைப் பற்றியது.

ஒருமுறை எங்கள் சபைப் போதகரிடம் இதைக் கேட்டேன். அவருக்குக் கால்பந்து அவ்வளவாகத் தெரியாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன் தம்பி, ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கக் கூடாதா? கோல்போஸ்ட் அவ்வளவு அகலமா இருக்கே" என்றார். 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, விதிதான் இடம் கொடுக்கவில்லை.

எங்கள் முதல் கீப்பரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். என்னைவிட வயதில் மூத்தவர், உயரத்தில் கொஞ்சம் குறைந்தவர், பக்கவாட்டிலிருந்து கோல் முன்னால் தூக்கி அடிக்கிற கிராஸ் பந்துகளுக்குப் பாய்வதில் என்னைவிடத் தைரியசாலி. கோல்கீப்பர்கள் எந்த அணியிலும் ஒரு தனிக்கூட்டம். மற்றவர்கள் வருவதற்கு முன்பே மைதானத்தில் இருப்போம், அவர்கள் குளித்துவிட்டுக் கிளம்பும்போதும் பந்து பிடித்துக்கொண்டிருப்போம். நாள் முழுக்க ஒருவர் மேல் ஒருவர் பந்தை அடித்துக்கொண்டிருக்கிறவர்களுக்குள் பகை நிலைக்காது. பொறாமை இருக்கும், அது வேறு.

ஆட்டத்தன்று என் முக்கியமான வேலை வார்ம்-அப்பில்தான். முதலில் கைக்கு வாகாக உருட்டி விடுகிற பந்துகள். பிறகு நெஞ்சு உயரத்தில் சில வாலி, அதாவது தரையில் படுமுன் அடிக்கிற பந்துகள். அப்புறம் இரண்டு பக்கமிருந்தும் கிராஸ், கடைசியாகக் கோல் முன்னால் கோடு போட்ட பெனால்டி கட்டமான பாக்ஸின் ஓரத்திலிருந்து ஷாட். இதற்கிடையே வெயில் எந்தக் கோலுக்கு எதிரே அடிக்கிறது, பந்து ஈரத்தில் எவ்வளவு வழுக்குகிறது, கோல்வாயில் தரை எங்கே பெயர்ந்திருக்கிறது என்று இரண்டு பேரும் பார்த்துச் சொல்லிக்கொள்வோம். கடைசிப் பந்தை மட்டும் அவர் நெஞ்சுக்கு நேராக, 'டப்' என்று சத்தம் வருகிற மாதிரி அடிக்க வேண்டும். அவர் அதை அணைத்துப் பிடித்தபடியே உள்ளே போவார். வலைக்குள் போன பந்தோடு ஒரு கீப்பரை டிரெஸ்ஸிங் ரூமுக்கு அனுப்பக் கூடாது. வேறொரு கிளப்பில் ஒரு பையன் கடைசிப் பந்தை மேல் மூலையில் சொருகிவிட்டுச் சிரித்தான். நல்ல ஷாட்தான். கோல்கீப்பர் கோச் அடுத்த ஆட்டத்துக்கு அவனை வார்ம்-அப் பக்கமே சேர்க்கவில்லை.

இப்படி ஒரு வேலையே இல்லாத காலமும் இருந்தது. உலகக் கோப்பையில் ஆளை மாற்ற அனுமதித்தது 1970-இல்தான். 1956-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் பெர்ட் டிராட்மன், எதிரணி வீரரோடு மோதிக் கழுத்தில் எலும்பு முறிந்த நிலையில் கடைசிவரை நின்றார். முறிவு என்பதே சில நாள் கழித்து எக்ஸ்-ரேயில்தான் தெரிந்தது. அவர் வீரத்தைப் பாடுகிறவர்கள் பலர். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம், பெஞ்சில் ஓர் ஆள் இருந்திருந்தால் அந்தக் கழுத்தை இவ்வளவு பணயம் வைத்திருக்க வேண்டாமே என்றுதான் தோன்றும்.

பெஞ்சில் ஆள் இருந்தும் போதாமல் போன கதையும் உண்டு. 2006 அக்டோபரில் ரெடிங் அணிக்கு எதிரான ஆட்டம் தொடங்கிய முதல் நிமிஷத்திலேயே செல்சியின் பீட்டர் செக் மண்டையோடு உடைந்து வெளியேறினார். மாற்றாக வந்த கார்லோ குடிச்சினியும் ஆட்டம் முடியும் தறுவாயில் மோதி மயங்கி விழுந்தார். டிஃபெண்டர் ஜான் டெர்ரி கிளவுஸை மாட்டிக்கொண்டு கோலில் நின்றார். செல்சி 1-0 என ஜெயித்தது. செக் சில மாதங்களில் திரும்பி வந்தார், ஆனால் தலைக்கவசம் இல்லாமல் அப்புறம் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. நான் இளம் கீப்பர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வது பயமுறுத்த அல்ல. நடுவர் விசில் ஊதும்போது உன் ஷூ லேஸ் கட்டியிருக்க வேண்டும், டிராக் சூட்டுக்குள் ஜெர்சி இருக்க வேண்டும், இடைவேளையில் எல்லாரும் உள்ளே போனாலும் நீ வெளியே நாலு பந்து பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆட்டம் இல்லாத கீப்பருக்கு முதலில் மழுங்குவது கை அல்ல, கண். பயிற்சியில் பந்தைப் பிடித்துக்கொண்டே இருப்பதால் கை கூர்மையாகத்தான் இருக்கும். கூட்டத்துக்கு நடுவே மேலிருந்து இறங்குகிற பந்துக்குப் போவதா, கோட்டிலேயே நிற்பதா என்று முடிவெடுக்கிற அந்தக் கணக்குத்தான் நழுவும். அதனால் ரிசர்வ் அணி ஆட்டம் என்றால் அலுத்துக்கொள்ளாமல் கேட்டு வாங்கி ஆட வேண்டும். கிராஸ் பயிற்சியில் ஆறேழு பேரைப் பாக்ஸுக்குள் நிறுத்தி இடிக்கச் சொல்ல வேண்டும். வாய் திறந்து கத்திப் பழக வேண்டும். பெஞ்சிலிருந்து வருகிறவன் குரல் டிஃபெண்டர்களுக்குப் புதிதாக இருந்தால் பாதி வேலை போச்சு.

இன்னொன்று, எதிரணியில் பெனால்டி அடிக்கிறவர்களைப் பற்றி நோட்டுப் போட்டு எழுதுவது. அது எங்கள் அணியில் என் பொறுப்பு. யார் எந்தப் பக்கம் அடிப்பான், ஓடி வரும்போது நின்று நிதானிப்பவன் யார், கீப்பரைப் பார்த்துக்கொண்டே வருகிறவன் யார். 2006 உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிரான பெனால்டி ஷூட்-அவுட்டின்போது ஜெர்மனியின் யென்ஸ் லேமன் காலுறையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து எடுத்துப் பார்த்ததை உலகமே பார்த்தது. அந்தச் சீட்டைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அதைத் தயார் செய்ய யாரோ உட்கார்ந்து எத்தனை மணி நேரம் வீடியோ பார்த்திருப்பார்கள் என்றுதான் என்னைப் போன்றவர்களுக்குத் தோன்றும்.

பெனால்டி என்றதும் ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. 2007-இல் வெளியானது, இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை எடுத்து அலசினார்கள். அடிக்கப்பட்ட பந்துகள் போன திசைகளை வைத்துப் பார்த்தால், கீப்பர் நடுவிலேயே நிற்பதுதான் தடுக்க அதிக வாய்ப்புத் தரும். ஆனால் கிட்டத்தட்ட எல்லாக் கீப்பர்களும் ஏதோ ஒரு பக்கம் பாய்ந்துவிடுகிறார்கள். காரணம் எங்களுக்குத் தெரிந்ததுதான். பாய்ந்து கோல் விழுந்தால் 'முயற்சி செய்தான்' என்பார்கள். நின்று கோல் விழுந்தால் 'மரம் மாதிரி நின்றான்' என்பார்கள். என் வேலை முழுக்கவே நிற்கிற வேலை என்பதால் இந்த ஆய்வின் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம்.

குடும்பத்துக்கு வருகிறேன். விளையாடாதவனின் குடும்பமாக இருப்பது விளையாடுகிறவனின் குடும்பமாக இருப்பதைவிடக் கஷ்டம் என்று நினைக்கிறேன். அப்பா ஒவ்வொரு ஆட்டத்தையும் டிவியில் பார்ப்பார். கோல் விழுந்தால்கூடச் சத்தம் வராது. கேமரா பெஞ்சைக் காட்டும்போது மட்டும் சமையலறையில் இருக்கிற அம்மாவை, "வா வா, காட்டுறான் காட்டுறான்" என்று கூப்பிடுவார். அம்மா வருவதற்குள் காட்சி மாறியிருக்கும். இத்தனை வருஷத்தில் அம்மா என்னைத் திரையில் பார்த்தது மிகக் குறைவு.

என் மனைவி கல்யாணமான புதிதில் ஒரு கேள்வி கேட்டாள். "நீங்க இறங்கவே இல்லையே, அப்புறம் ஏன் இவ்வளவு களைப்பா வர்றீங்க?" நியாயமான கேள்வி. தொண்ணூறு நிமிஷமும் நான் மனதுக்குள் கோலில் நிற்கிறேன். ஒவ்வொரு கார்னருக்கும் என் கால் அசைகிறது. ஆனால் அந்தப் பதற்றத்தைக் கரைக்க ஓடவும் முடியாது, பாயவும் முடியாது. வீட்டுக்கு அதைத்தான் சுமந்து வருவேன். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஆட்டம் முடிந்த இரவு ஆட்டத்தைப் பற்றிப் பேச்சில்லை. மறுநாள் காலை அவள் கேட்பாள், நான் சொல்வேன், அதோடு சரி. இது சின்ன ஏற்பாடுதான், ஆனால் எங்களுக்குப் பெரிய சண்டைகளை மிச்சப்படுத்தியது.

இரண்டாவது ஏற்பாடு, ஏஜென்ட் போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேரும் கேட்பது. கிளப் மாறுவது என்றால் அவள் வேலையை விட வேண்டும், பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்க்க வேண்டும், புதுச் சபையில் முகம் தெரியாதவர்களோடு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்காவது போன இடத்தில் இருபது பேர் டிரெஸ்ஸிங் ரூமில் தயாராக இருப்பார்கள். அவளுக்கு யாரும் இல்லை. இளம் வீரர்கள் இதைக் கவனிப்பதில்லை, சொன்னாலும் காதில் ஏறுவதில்லை.

பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். கீப்பர்களுக்கு ஆயுள் நீளம் என்பார்கள். உண்மைதான். இத்தாலியக் கீப்பர் புஃபோன் 45 வயதில்தான் ஓய்வு பெற்றார். எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹதாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் இறங்கி ஒரு பெனால்டியையும் தடுத்தார். ஆனால் நீண்ட ஆயுள் வேறு, நீண்ட ஒப்பந்தம் வேறு. ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் ஐந்து வருஷம்வரை போடலாம், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று வருஷம்தான். மாற்று கீப்பருக்கு யாரும் ஐந்து வருஷம் நீட்ட மாட்டார்கள். எனக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் ஒரு வருஷ ஒப்பந்தங்கள். ஒப்பந்தத்தில் கடைசி ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு பேசி முன்கூட்டிக் கையெழுத்திடலாம். ஒப்பந்தம் முடிந்த வீரரைப் பழைய கிளப் பணம் கேட்டுப் பிடித்து வைக்க முடியாது என்பது 1995 போஸ்மன் தீர்ப்பால் கிடைத்த உரிமை. ஜான் மார்க் போஸ்மன் என்ற பெல்ஜிய வீரர் வழக்குப் போட்டுப் போராடித் தன் விளையாட்டு வாழ்க்கையையே அதில் இழந்தார். அவர் பெயரை ஒவ்வொரு வீரனும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நான் முன்பு இருந்த ஒரு கிளப்பில் சம்பளம் நின்றுபோனது. இந்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தார்கள். மூத்த வீரர் ஒருவர் விதியைக் காட்டினார். ஃபிஃபா 2018-இல் சேர்த்த ஒரு பிரிவு அது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் வராவிட்டால், வீரர் கிளப்புக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, பாக்கியைத் தீர்க்கக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அப்போதும் தீர்க்காவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வீரர் சங்கமும் கிளப்புகளும் செய்துகொண்ட ஒப்பந்தம் இருந்தால் நிபந்தனைகள் மாறலாம், அதனால் சங்கத்தில் விசாரித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். எல்லாமே எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் கேட்ட சம்பளத்துக்குச் சாட்சி கிடையாது. நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரே நாளில் நோட்டீஸ் அனுப்பினோம். பாக்கி வந்துவிட்டது. அந்த மாதங்களில் வீட்டு வாடகையைக் கட்டியது மனைவியின் சம்பளம்.

விசுவாசத்தைப் பற்றி எழுதுவதில் எனக்கு ஒரு கூச்சம் உண்டு. கால்பந்தில் அது பெரும்பாலும் காட்சியாகத்தான் வெளியே தெரிகிறது. 2007 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் முடிந்ததும் பிரேசில் வீரர் காகா, தான் இயேசுவுக்குச் சொந்தம் என்று எழுதிய பனியனோடு முழங்காலிட்டார். இன்றைய விதியில் உடையில் மத வாசகம் எதுவும் இருக்கக் கூடாது. எனக்கு அதனால் நஷ்டமில்லை. பெஞ்சில் இருக்கிறவனுக்குக் கொண்டாடக் கோலும் கிடையாது, கழற்றிக் காட்ட ஜெர்சியும் கிடையாது.

நான் பார்த்த விசுவாசமெல்லாம் அன்றாட ஏற்பாடுகளில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் ஆராதனைக்குப் போக முடியாது. அப்போது சனிக்கிழமை இரவு ஓட்டல் அறையில் நாங்கள் மூன்று நான்கு பேர் கூடி ஜெபிப்போம். அதில் ஒருவன் எந்த மதத்திலும் நம்பிக்கை இல்லாதவன். "சும்மா உட்கார்ந்திருக்கேன் அண்ணா, இங்கதான் அமைதியா இருக்கு" என்பான். உட்காரட்டும். ரமலானில் நோன்பிருக்கும் நண்பன் களத்தில் இருந்தால், சூரியன் மறையும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அவனுக்குத் தண்ணீர்ப் பாட்டிலைக் கோட்டோரம் கொண்டுபோவது என் வேலை. பெஞ்சில் வேறென்ன வேலை? 2021 ஏப்ரலில் லெஸ்டர் அணிக்கும் கிரிஸ்டல் பேலஸுக்கும் நடந்த ஆட்டத்தில், லெஸ்டரின் வெஸ்லி ஃபோஃபானா நோன்பு திறப்பதற்காக, எதிரணி கீப்பர் விசென்டே குவைட்டா தன் கோல் கிக்கை அடிக்காமல் கொஞ்சம் தாமதித்தார். முன்பே பேசி வைத்த ஏற்பாடுதான். ஆனாலும் அதைச் செய்தவர் ஒரு கீப்பர் என்பதில் எனக்குப் பெருமை.

என் மகள் பிறந்த இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரசவ வலி எதிர்பார்த்ததற்கு முன்பே வந்துவிட்டது. அன்று மாலை ஆட்டம், நாங்கள் வெளியூர் ஓட்டலில். மனைவியின் அக்கா போன் செய்தபோது மதியம் சாப்பாட்டு நேரம். கோச்சிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. "உன்னைத் தவிர யாரை அனுப்பச் சொன்னாலும் அனுப்பிடுவேன். கீப்பருக்கு அடிபட்டா நான் என்ன செய்யறது?" என்றார். அவர் சொன்னது உண்மை. எங்கள் மூன்றாவது கீப்பர் பதினெட்டு வயதுப் பையன், சீனியர் ஆட்டம் ஒன்றுகூட ஆடியதில்லை. களத்தில் இறங்காதவன்தான் இடத்தை விட்டு நகரவும் முடியாதவன்.

அண்ணன் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தார். கோச்சின் தோளில் கை போட்டு, "சார், அவன் போகட்டும். எனக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்" என்றார். ஒரு கீப்பர் கொடுக்கவே முடியாத வாக்குறுதி அது. கோச் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பஸ்ஸுக்குக் காத்திருக்காதே, கார் பிடிச்சுப் போ" என்றார்.

அந்தக் கார்ப் பயணம் முழுக்க மனைவிக்காகவும் பிள்ளைக்காகவும் ஜெபித்தேன். ஆட்டம் தொடங்கும் நேரம் ஆனதும் அண்ணனுக்காக ஜெபித்தேன். அவர் கைக்காக, முட்டிக்காக, தலைக்காக. பேரைச் சொல்லி, உறுப்பு உறுப்பாக. அதற்கு முன்பு அப்படிச் செய்ததே இல்லை. 'அணியைக் காத்தருளும்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். அன்று அவர் நன்றாக இருப்பது என் குடும்பத்துக்கே தேவையாக இருந்தது. ஆட்டம் கோலில்லாமல் டிராவில் முடிந்ததாம். மகள் இரவு பத்தரைக்குப் பிறந்தாள்.

அதன்பின் ஒவ்வொரு ஆட்டத்தன்றும் அப்படியே தொடர்ந்தேன். முதலில் நன்றிக்கடனாக, பிறகு பழக்கமாக.

சில சீசன் கழித்து அது நடந்தது. ஒரு கார்னருக்கு அண்ணன் வெளியே பாய்ந்தார், எங்கள் டிஃபெண்டரின் தலையும் அவர் தலையும் மோதின. விழுந்தவர் எழவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணும் இல்ல, ஆடுவேன்" என்றார். பிசியோ ஸ்கோர் என்ன என்று கேட்டார். அண்ணன் போன வாரத்து ஸ்கோரைச் சொன்னார். டாக்டர் உடனே கையை ஆட்டிவிட்டார். தலைக்காயத்துக்கென்று தனியாக ஒரு மாற்று வீரரை இறக்க 2021-இல் சோதனையாக அனுமதி வந்து, 2024-இல் அது விதிப்புத்தகத்திலேயே சேர்ந்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் இந்த 'ஆடுவேன்' என்ற சொல்லை நம்பி எத்தனை பேரை உள்ளேயே விட்டிருப்பார்கள்!

கோல்கீப்பர் கோச் என் பக்கம் திரும்பி, "தம்பி" என்றார். அவ்வளவுதான். மனம் அண்ணனிடம் இருந்தது, உடம்பு அதற்குள் டிராக் சூட்டைக் கழற்றிவிட்டது. ஒரு துள்ளல் உள்ளுக்குள் ஓடியதை மறைக்க மாட்டேன். எந்த மாற்று கீப்பரைக் கேட்டாலும், உண்மை பேசுகிறவனாக இருந்தால், அதைச் சொல்வான். அது உடம்பின் பழக்கம், பல வருஷம் அதற்காகவே பழக்கிய உடம்பு. அதே நேரம் எனக்கு ஒரு கோபமும் வந்தது. காலையில்தானே அவர் தலைக்காகக் கேட்டேன்?

முதல் பந்தே காலுக்கு வந்தது. பின்னால் தள்ளிவிடும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று 1992-இல் விதி வந்ததிலிருந்து, பெஞ்சிலிருந்து இறங்கும் கீப்பர்களின் சொப்பனமே இதுதான். ஓடி வருகிற ஸ்ட்ரைக்கரைப் பார்த்தேன், யோசிக்காமல் கோட்டுக்கு வெளியே உயரத் தூக்கி அடித்தேன். அழகில்லை, பாதுகாப்பு. அந்த ஆட்டத்தை ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

அடுத்து வந்த வாரங்களில்தான் என் ஜெபம் உண்மையிலேயே சோதனைக்குள்ளானது. அண்ணனுக்கு வெளிச்சம் ஆகவில்லை, திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. இருட்டறையில் படுத்தபடி எனக்குக் குரல் பதிவு அனுப்புவார். "ஒன்பதாம் நம்பர் இடதுகால்காரன், உள்ள வெட்டுவான், அவசரப்பட்டு விழாதே." நான் ஆட ஆட நன்றாக ஆடினேன். பேப்பரில் பெயர் வந்தது. அம்மா கடைசியில் என்னைத் திரையில் முழுசாகப் பார்த்தார்கள். ஒவ்வொரு இரவும் நான் அண்ணன் குணமாக வேண்டும் என்று ஜெபிக்க வேண்டும். அவர் குணமானால் நான் பெஞ்சுக்குத் திரும்ப வேண்டும். என் வாயால் என் ஆட்டத்தை முடித்துவைக்கக் கேட்கிறேன். சில இரவுகளில் வார்த்தை வரவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு நான் சொல்றேன், நீங்க ஆமென் மட்டும் சொல்லுங்க" என்று அவளே ஜெபித்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. ஒருவன் தன்னால் முடியாதபோது அவனுக்காக இன்னொருவர் விசுவாசிக்கலாம் என்பதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை, வீட்டில்தான் பார்த்தேன்.

தலைக்காயத்திலிருந்து திரும்புவது படிப்படியாகத்தான். முதலில் நடை, பிறகு லேசான ஓட்டம், பிறகு மோதலில்லாத பயிற்சி, பிறகு டாக்டர் அனுமதி, அதன்பிறகுதான் முழுப் பயிற்சி. ஒவ்வொரு படியிலும் தலைவலி வந்தால் ஒரு படி கீழே. அந்தப் பந்துகளை அவருக்கு உருட்டி விட்டது நான்தான். அவர் திரும்பிய முதல் ஆட்டத்தின் வார்ம்-அப்பில் கடைசிப் பந்தை நெஞ்சுக்கு நேராக அடித்தேன். 'டப்' என்ற சத்தத்தோடு பிடித்தார், "கொஞ்சம் மெதுவா அடிக்கக் கூடாதாடா" என்று திட்டிவிட்டு உள்ளே போனார்.

என் கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்றால், ஒரு பாதி. என்ன நடக்க வேண்டும் என்று கடவுளுக்குப் பட்டியல் கொடுப்பதை விட்டுவிட்டேன். ஆளின் பேரைச் சொல்லி அவருக்கு நல்லது கேட்பேன், எனக்குத் தயாராக இருக்கும் பலத்தைக் கேட்பேன். தினமும் ஒருவர் பேரைச் சொல்லி நல்லது கேட்டுக்கொண்டே அவர்மேல் காழ்ப்பை வளர்ப்பது கடினம், இது என் அனுபவம். விளையாடும் ஆசை மட்டும் ஓய்வு பெறும் நாள்வரை குறையவில்லை. குறைந்திருந்தால் அந்த வேலைக்கே லாயக்கில்லாமல் போயிருப்பேன்.

ஓய்வுக்கு முன்பே கோச்சிங் லைசென்ஸ் படிப்பைத் தொடங்கியிருந்தேன். பெஞ்சில் இருப்பவனுக்கு நேரம் இருக்கிறது, அந்த நேரத்தில் படிக்கலாம் என்று இளம் வீரர்கள் எல்லாரிடமும் சொல்வேன். இப்போது இளையோர் அணியில் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். யார் முதல் கீப்பர், யார் இரண்டாவது என்று தலைமைக் கோச்சுக்கு நான்தான் சொல்ல வேண்டும். இந்த வேலை பெஞ்சைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் கோஸ்டா ரிகாவோடு ஆட்டம் பெனால்டிக்குப் போகும் கடைசி நிமிஷத்தில், நெதர்லாந்து கோச் வான் கால் முதல் கீப்பர் சிலெசனை வெளியே எடுத்துவிட்டு டிம் குருலை இறக்கினார். குருல் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார், அணி ஜெயித்தது. மாற்று கீப்பர்களுக்கு அதைவிடப் பெரிய நாள் இல்லை. ஆனால் அந்தத் திட்டம் குருலுக்கு முன்பே தெரியும், சிலெசனுக்குத் தெரியாது. அவர் வெளியே வரும் வழியில் தண்ணீர்ப் பாட்டிலை உதைத்தார். கோச்சாக ஆன பிறகு அந்த வீடியோவைப் பார்க்கும்போது என் கண் குருலிடம் போவதில்லை.

என்னிடம் இப்போது இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். இருவரும் நல்லவர்கள், ஒருவன் ஒரு பிடி கூடுதல். பெயர்ப் பட்டியல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலை ஒட்டப்படும். அதைப் பார்த்து ஒருவன் தெரிந்துகொள்ள நான் விடுவதில்லை. காலையிலேயே அவனைத் தனியாக அழைத்து, அவன் முகத்தைப் பார்த்து, நீ இல்லை, காரணம் இது, இதைச் சரிசெய்ய இந்த வாரம் இதைச் செய்யப் போகிறோம் என்று சொல்வேன். அடுத்த ஆட்டம் உனக்குத்தான் என்று மட்டும் சொல்ல மாட்டேன், அது என் கையில் இல்லை. அவனுடைய அப்பா போன் செய்தால் எடுப்பேன், அவரிடமும் இதையேதான் சொல்வேன். போன வாரம் பையன் கேட்டுவிட்டு, "சரி சார், வார்ம்-அப்புக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்றான். மூன்றரைக்கு வரச் சொன்னேன்.